இரும்பு மாத்திரையும் கொஸ்லந்தைத் தேத்தண்ணியும்

1

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். தேத்தண்ணி ஊற்றுவதை நிறுத்திவிடுவார். இங்கிலாந்துக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் காலைத் தேத்தண்ணி அவருடைய வேலை. நான் கண்ணைத் திறக்கும்போது கட்டில் பக்கத்தில் ஆவி பறக்க டம்ளர் இருக்கும். இல்லாவிட்டால் முதல் நாள் நான் ஏதோ வாயை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். எப்படியும் மறுநாள் டம்ளர் திரும்பி வந்துவிடும். எனக்கு ஊற்றிக் கொடுக்காமல் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. இந்த வருஷம் மட்டும் வாரக்கணக்காக வரவில்லை. அது கோபமே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதக் காரணம் இருக்கிறது. நான் செய்த காரியத்தை நம் ஆட்கள் யாரும் செய்வார்கள், இப்போதும் செய்துகொண்டுதான் இருப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகு உங்கள் அடுப்படிப் பக்கமும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

என் பெயர் யோகம். கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். இவர் சந்திரன். பதுளை பஜாரில் சில்லறைக் கடை வைத்திருந்த குடும்பம். கடைக்காரர் வீட்டில் டின்பால் ஊற்றிய தேத்தண்ணிதான் புழக்கம். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் பாலுக்கு எங்கே போவது? தோட்டத்தில் கொடுக்கிற தூளில் அம்மா கறுக்கக் கறுக்க ஊற்றிய வெறும் சாயமும், கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும்தான். வந்தவர்கள் எல்லாம் உதட்டை நனைத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்கள். இவர் மட்டும் ஒரு டம்ளரை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"அந்தத் தேத்தண்ணிக்காகத்தான் ஒன்னையக் கட்டுனேன்" என்று இன்றைக்கும் சொல்வார்.

"தேத்தண்ணி ஊத்துனது எங்கம்மா. ஆளு மாறிப்போச்சுங்க" என்பேன் நான்.

2

நாங்கள் இருப்பது லெஸ்டரில். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் எனக்கு வேலை. பிள்ளைகள் தட்டில் பட்டாணியை ஒதுக்கிவைத்துவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிவதும் அந்த வேலையில் சேர்த்தி. போன குளிர்காலத்தில் தட்டு அடுக்கிய ட்ரேயைத் தூக்கினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. படியேறினால் நெஞ்சு படபடவென்று அடித்தது. கண்ணாடியில் பார்த்தால் உதடு வெளுத்துக் கிடந்தது. வயசு ஐம்பதை எட்டப்போகிறதே, அதுதான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இவர் விடவில்லை.

இங்கே டாக்டரைப் பார்ப்பதென்றால் சும்மா போய் வாங்குப் பலகையில் உட்கார முடியாது. காலையில் கதவு திறக்கிற நேரத்துக்குப் போன் அடிக்கவேண்டும். ஊரே அந்த நேரத்தில்தான் அடிக்கும். ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். என் முறை வந்தபோது பதற்றத்தில், நம் ஊரில் சொல்கிற மாதிரியே, "எனக்கு ரத்தம் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்துப் பெண் அரண்டுபோனாள். எங்கிருந்து கொட்டுகிறது, எவ்வளவு நேரமாகக் கொட்டுகிறது, ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா என்று கேள்விமேல் கேள்வி. இவர் போனைப் பிடுங்கி, கொட்டவில்லை, உள்ளேயே குறைந்துவிட்டது என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பில் இன்னும் மூச்சு வாங்கியது.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. டாக்டர் அம்மா நல்ல மனுஷி. மாதாமாதம் போகிற இரத்தத்துக்கு ஈடாகச் சாப்பாட்டிலிருந்து சேரவில்லை, அது வருஷக்கணக்காக நடந்திருக்கிறது என்றார். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். வல்லாரைச் சம்பல், முருங்கைக்கீரை, பருப்பு, குரக்கன் ரொட்டி என்று நான் அடுக்கியதைக் கேட்டு, பிரமாதம் என்றார். பிரமாதமாகச் சாப்பிடுகிற எனக்கு ஏன் இரத்தமில்லை என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் ஒன்று.

3

இங்கே இவருடைய படிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். இவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுக் குழாயில் அடைப்பு வந்து, சின்னக் கம்பி வலை வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தரும் ஓர் அம்மா, உப்பைக் குறை, சீனியைக் குறை, தேங்காய்ப்பாலைக் குறை, மரக்கறியும் பழமும் கூட்டு, பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்ன அத்தனையிலும் இவர் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான்.

எங்கள் மகள் அபி மான்செஸ்டரில் வேலை பார்க்கிறாள். இறைச்சி, மீன், பால், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள். அவளுக்குத் தமிழ் இப்போது சாப்பாட்டுப் பெயர்களில்தான் மிச்சம் இருக்கிறது. சம்பல், ரசம், கீரை என்று அந்தச் சொற்களை மட்டும் நடுவில் வைத்து மற்றதை ஆங்கிலத்தில் நிரப்புவாள். முருங்கையிலையைக் காயவைத்து இடித்த பொடியைப் பெரிய அதிசயம் போல ஒரு பொட்டலத்தில் அனுப்பிவைத்தாள். நம் லயத்துக் கோடியில் ஆடு தின்கிற மரம் அது. ஆனாலும் அந்தப் பிள்ளை எங்களிடமிருந்து விலகிப் போகிற வழியில் ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் கீரைக்கே வந்து நிற்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அவள்தான் அப்பாவுக்குத் தேயிலையைப் பற்றிய கட்டுரைகளையெல்லாம் அனுப்பியது. தேயிலையில் பாலிஃபீனால் என்று ஒரு வகைச் சத்துகள் இருக்கின்றனவாம். துவர்ப்பு கொடுப்பதே அவைதானாம். தினமும் அளவாகக் குடிப்பவர்களுக்கு நெஞ்சு வியாதி வருவது கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்களாம். இவர் வாசித்துவிட்டு வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே!

"பாத்தியா யோகம்? ஒலகமே தேடுற மருந்து, ஒங்க தோட்டத்துல வெளைஞ்சது. நாம பொழைச்சுக் கெடக்குறதே இதாலதான்."

"மருந்தப் பறிச்சவுங்க கதிய நீங்க எங்கம்மாவக் கேட்டிருக்கணும்" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு உடம்பு முடியவில்லை என்று ஆனதும் மருந்தைக் கூட்டிவிட்டார். கொஸ்லந்தையில் இருக்கிற என் தங்கச்சி புஷ்பம், வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுகிற தூள்தான் எங்கள் வீட்டில். அதை முன்னைவிட அதிகமாகப் போட்டு, முன்னைவிட நேரம் வைத்துக் கொதிக்கவிட்டு, தார் மாதிரி இறக்கிக்கொண்டு வருவார். சாஸரில் இரும்பு மாத்திரை, பக்கத்தில் சாயம். "இப்பவே முழுங்கு, நான் பாக்குறேன்" என்று எதிரில் நிற்பார்.

மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது எனக்கு வித்தியாசமாகத் தெரியவே இல்லை. தோட்டத்தில் வேறு எதோடு விழுங்கினோம்? விடியற்காலையில் மலையிலிருந்து பீலியில் விழுகிற தண்ணியை வாயில் வைத்தால் பல் கூசும். பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில் கையில் இருப்பது தேத்தண்ணி டம்ளர்தான். காய்ச்சல் மாத்திரையோ பூச்சி மாத்திரையோ, ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தாலும் அதில்தான் போகும். அம்மா அப்படித்தான் விழுங்கினாள், நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

4

மாதங்கள் போயின. மூச்சு வாங்குவது நிற்கவில்லை. திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் அம்மாவே போனில் வந்தார். இங்கே டாக்டர் தானாகக் கூப்பிட்டால் நல்லதற்கு இல்லை என்று எனக்குத் தெரியும். மாத்திரை ஒழுங்காக எடுத்தும் இரும்பு ஏறவேயில்லை, குடலில் எங்கேயாவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும், ஆஸ்பத்திரியில் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லி எழுதப்போகிறேன் என்றார். எதற்காக என்று கேட்டேன். மோசமான எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் என்றார். அந்த 'மோசமான எதுவும்' என்ன என்று அவரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நான் பயந்துபோனேன். அப்பட்டமான பயம். எங்கள் தோட்டத்தில் பதுளை பெரியாஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார்கள் என்றால் லயமே வாசலில் வந்து நிற்கும். போனவர்களில் திரும்பி வராதவர்கள்தான் நினைவில் நிற்பார்கள். இவரிடம் நான் சொல்லவில்லை. நெஞ்சில் கம்பி வலையோடு இருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்துக் குளிர் அறைக்குள் போய், பால் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு போன். டாக்டர் நிலையத்தில் மருந்துகளைக் கவனிக்கிற மருந்தாளர். பேச்சிலிருந்து குஜராத்திக் குடும்பத்துப் பெண் என்று தெரிந்தது. கேமராவுக்கு எழுதுவதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்கவேண்டுமாம். வயிறு எரிகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், மாத்திரையை எதோடு எடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"தேத்தண்ணியோட" என்றேன், வேறு எதோடு எடுப்பார்கள் என்ற குரலில்.

அவள் சிரித்துவிட்டாள். மன்னித்துக்கொள்ளுங்கள், என் அம்மாவும் இதையேதான் செய்தார் என்றாள். அவள் சொல்லித்தான் தெரிந்தது: தேயிலையில் நெஞ்சுக்கு நல்லது என்று இவர் கொண்டாடிய அதே துவர்ப்புச் சத்து, வயிற்றுக்குள் இரும்பைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமாம். பிடித்த இரும்பு உடம்பில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். மாத்திரையில் உள்ள இரும்பும் அப்படித்தான், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பும் அப்படித்தான். சாயம் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குச் சேதம். தண்ணீரிலோ தோடம்பழச் சாற்றிலோ மாத்திரையைப் போடுங்கள், புளிப்பில் உள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும். தேத்தண்ணியை விடவேண்டாம். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்து திரும்ப இரத்தம் எடுப்போம், ஏறினால் கேமரா வேண்டியிருக்காது, டாக்டரிடம் நான் பேசுகிறேன் என்றாள்.

போனை வைத்ததும் முதலில் வந்தது சந்தோஷம். அடுத்து வந்தது இவருடைய முகம், சாஸரோடு எதிரில் நிற்கிற முகம்.

5

புஷ்பத்துக்குப் போன் போட்டேன். இன்னும் கொழுந்து பறிக்கிறாள். அவளுக்கும் இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். பெரிய டாக்டர் மாதிரி நான் விளக்கம் கொடுக்க, அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அக்கா, அது எனக்குத் தெரியுமே. இங்க கர்ப்பிணிக் கிளினிக்குல மிட்வைப் அம்மா வாய் ஓயாம சொல்லுவாங்க. எலுமிச்சந்தண்ணியோட போடு, தேத்தண்ணி குடிக்காதன்னு. என் மருமக அப்பிடித்தான் போட்டா."

"தெரிஞ்சிருந்தா நீ ஏன்டி செய்யல?"

"எங்கிட்டுச் செய்ய? மலையில ரொட்டி திங்கக் கெடைக்கிற நேரம் கொஞ்சோண்டு. ரொட்டியும் தேத்தண்ணியும் ஒண்ணாத்தான் எறங்கணும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கவான்னு கணக்குப்பிள்ளையக் கேக்கவா? மாத்திரைய மட்டும் ராத்திரி படுக்கப்போறப்ப தண்ணியில போட்டுக்கிறேன். ஆமா, நீ இம்புட்டு நாளும் சாயத்துலயா முழுங்குன?"

"ஒங்க மச்சான் ஊத்திக் குடுத்தது."

போனில் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, "பாவம்க்கா மச்சான். சொல்லிராத" என்றாள்.

எனக்கு இங்கே ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க முடிகிறது. அவளுக்கு முடியவில்லை. சாப்பாட்டில் இருக்கிற சத்தைப் பற்றி எத்தனை பேர் எத்தனை எழுதினாலும் அந்த ஒரு மணி நேரத்தை யார் கொடுப்பது என்று யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

6

இவரிடம் சொல்லவில்லை. காலையில் இவர் எதிரில் மாத்திரையை வாயில் போடுவது போலப் போட்டு, உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, தேத்தண்ணியை மட்டும் குடித்தேன். மாத்திரை ஸ்வெட்டர் பைக்குள் போகும். பள்ளிக்கூடத்துக்குப் போய், தேத்தண்ணி குடித்த நேரம் நன்றாகக் கழிந்த பிறகு, தோடம்பழச் சாற்றில் விழுங்குவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பட்டாணியை ஒளிப்பதைக் கண்டுபிடிக்கிறவள் நான். அந்த வித்தையை அவர்களிடமே கற்றுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை இவர் துணி துவைக்கப் போட்டார். நான் சமையலறையில் இருந்தேன். ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பையில் செம்பழுப்பாகக் கறை. மறந்துபோன ஒரு மாத்திரை ஈரத்தில் ஊறிக் கரைந்திருந்தது.

"மாத்திரை போடுறதில்லையா நீ?"

"போடுறேங்க."

"பொய் சொல்லாத யோகம். மூஞ்சியப் பாரு, வெளுத்துக் கெடக்கு. என்னைய விட்டுட்டுப் போயிரலாம்னு முடிவு பண்ணிட்டியா?" குரல் உடைந்துவிட்டது.

அதற்குமேல் எதை மறைப்பது? டாக்டர் போன், கேமரா, மருந்தாளர் பெண் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கதிரையில் உட்கார்ந்து கேட்டார். தேத்தண்ணி என்ற சொல் வந்தபோது தலை நிமிரவில்லை.

"அப்ப நான்தான் இத்தன நாளா ஒன் ரத்தத்தக் குடிச்சிருக்கேன்."

"அது கல்யாணம் பண்ணுன நாள்லருந்து நடக்குறதுதானே" என்றேன் சிரிக்கவைக்கலாம் என்று. சிரிக்கவில்லை.

மறுநாள் காலை கட்டில் பக்கத்தில் ஒரு டம்ளர் எலுமிச்சந்தண்ணியும் மாத்திரையும் இருந்தன. தேத்தண்ணி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தூள் டின்னை அலுமாரியின் மேல்தட்டில், என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டார். இவரும் குடிக்கவில்லை. சுடுதண்ணீரை டம்ளரில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்தார், பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"ஒங்களுக்கு அது நல்லதுங்க. அந்த மருந்துக்காரப் புள்ளையே விடவேணாம்னு சொல்லுச்சு. நீங்க குடிங்க."

"வேணாம்."

"நானும் குடிக்கலாம்ங்க, நேரம் தள்ளி."

"வேணாம்னா விடேன்."

ஞாயிற்றுக்கிழமை அபி போனில் வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்கும் அழுகை. "நாந்தானே அப்பாவுக்கு அனுப்பினேன், அம்மா" என்று, எனக்குத் தெரிந்து பல மாதத்துக்குப் பிறகு ஒரு முழு வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள். அனுப்பியதில் தப்பில்லை, அதில் எழுதியிருந்ததும் பொய்யில்லை, ஒரே இலை அப்பாவுக்கு ஒரு மாதிரியும் அம்மாவுக்கு ஒரு மாதிரியும் வேலை செய்யும் என்று யாருக்குத் தெரியும் என்று சமாதானம் சொன்னேன். இரும்பு குறைந்திருந்ததும் கேமரா பயமும் எனக்கு. தேற்றவேண்டிய ஆட்கள் இரண்டு பேர்.

அந்த வாரங்களில் எனக்கு மூச்சு வாங்குவது குறைந்துகொண்டே வந்தது. ஆனால் வீட்டில் தேத்தண்ணி கொதிக்கிற வாசம் இல்லாமல் விடிவது எனக்குப் பிடிக்கவே இல்லை. நோய் தீர்ந்தாலும் இப்படியே இருந்துவிடுவாரோ என்று அது ஒரு பயமாகப் பிடித்துக்கொண்டது.

7

போன வியாழக்கிழமை இரத்த முடிவு வந்தது. வழக்கம்போல் காலையில் போன், வழக்கம்போல் பாட்டு. அதே வரவேற்புப் பெண்தான். இந்தத் தடவை நான் கவனமாக, என் இரத்தப் பரிசோதனை முடிவு என்ன என்று கேட்டேன். வாசித்துச் சொன்னாள்: மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்றேன். ஏறியிருக்கிறது, நன்றாகவே ஏறியிருக்கிறது, மாத்திரையை இன்னும் சில மாதம் தொடரச் சொல்கிறார் டாக்டர், ஆஸ்பத்திரிக்கு எழுதவில்லை என்றாள். பிறகு தானாகவே, "அப்படியென்றால் உங்களுக்கு இப்போது இரத்தம் இருக்கிறது" என்று சேர்த்துக்கொண்டாள். ஞாபகம் வைத்திருந்திருக்கிறாள், சண்டாளி!

இவர் ரொட்டித் தட்டோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"ஏறிருச்சுங்க. கேமரா இல்ல."

எழுந்துபோய் முகம் கழுவினார். முகம் கழுவ அவ்வளவு நேரம் எடுக்காது. திரும்பி வந்து அலுமாரியின் மேல்தட்டிலிருந்து டின்னை இறக்கினார். கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். நான் தட்டில் மிச்சமிருந்த ரொட்டியைத் தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பற்றவைக்கப் போன கை அப்படியே நின்றது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என் தட்டைப் பார்த்தார்.

"தின்னு முடிச்சியா?"

"இந்தா, இதோட முடிஞ்சது."

அடுப்பைப் பற்றவைக்காமல் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க ஊத்திக் குடிங்களேன். ஒங்களுக்கு யாரு தடை போட்டா?"

"இத்தன நாளு ஒத்தையில சுடுதண்ணி குடிச்சாச்சு. போதும். ஒரு மணி நேரந்தானே."

அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. டிவியைப் போடவில்லை. அவர் பதுளைக் கடையில் சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடியைப் பற்றி, நான் கேட்டேயிராத ஒன்றைச் சொன்னார். நான் குளிர் அறைக்குள் பால் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுததைச் சொன்னேன். "இனிமே என்கிட்ட வந்து அழு" என்றார். என் கையை எடுத்து, நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிவப்பு வந்துவிட்டது என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

நேரம் வந்ததும் எழுந்துபோய் ஊற்றிக்கொண்டு வந்தார். இரண்டு டம்ளர், இரண்டு துண்டு கருப்பட்டி. அவருடையது மட்டும் பொடித்துண்டு. நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். பயத்தில் சாயத்தை மிகவும் மெல்லிசாக விட்டிருந்தார்.

"என்னாங்க இது, டம்ளர் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு?"

"வாய மூடிக்கிட்டுக் குடி" என்றார்.

குடித்தேன்.